நிகழ்நேர வியூக விளையாட்டுக்குப் போர்க்கதை அமைப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முறை வரும்வரை காத்திராமல் எல்லாத் தரப்பும் ஒரே நேரத்தில் படை நடத்தும் கணினி விளையாட்டே நிகழ்நேர வியூக விளையாட்டு. அதை ஆடுபவர் கதை கேட்பதற்கென்று தனியாக உட்காருவதில்லை. சுரங்கத்துக்கு ஆள் அனுப்புகிறார், படைக்கூடம் கட்டுகிறார், வடக்கு மூலையில் எதிரி தலைகாட்டுகிறானா என்று பார்க்கிறார், அதற்குள் கிழக்கே வில்லாளர்கள் சாகத் தொடங்கிவிடுகிறார்கள். இவ்வளவு வேலைக்கு நடுவே அவரிடம் ஒரு கதையைச் சேர்க்க வேண்டுமானால், அந்தக் கதை அவருடைய கைவேலைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அவர் எதைச் சேகரிக்கிறாரோ அதற்காகவே போர் நடக்க வேண்டும். எதை இழக்கிறாரோ அதிலேயே துயரம் இருக்க வேண்டும். எந்த இடத்தைப் பிடிக்கிறாரோ அங்கேயே கதை திரும்ப வேண்டும்.

இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். முதன்முதலில் ஒரு விளையாட்டுக்காகப் போர்க்கதை எழுதியபோது, இரண்டு அரசுகளின் 300 ஆண்டு வரலாற்றை 40 பக்கங்களில் எழுதி முடித்த பிறகே முதல் மிஷனை, அதாவது ஒரு களத்தில் ஒரு நோக்கத்தோடு ஆடும் முதல் கட்டத்தைத் தொட்டேன். ஆடிப் பார்த்த நண்பர்கள் மூவரிடமும் போர் எதற்காக நடக்கிறது என்று கேட்டேன். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் மூன்றாவது மிஷனில் தாங்கள் இழந்த குன்றின் எந்தச் சரிவு வழியாக எதிரி ஏறி வந்தான் என்பதை மூவரும் மேசைமேல் விரலால் வரைந்து காட்டினார்கள். அந்தக் குன்றைப் பற்றி என் 40 பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை.

முதல் படி: சண்டைக்குரிய பொருள்

எல்லா வியூக விளையாட்டுகளிலும் சேகரிக்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கும். அது மரமாகவோ பொன்னாகவோ எண்ணெயாகவோ இருக்கலாம். புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் அதைக் கதைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அரியணைப் போட்டி, பழைய சாபம், குடிப்பகை என்று வேறு காரணம் தேடுகிறார்கள். அப்போது ஆடுபவரின் கை மரம் வெட்டிக்கொண்டிருக்க, காது மட்டும் சாபத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

1992-இல் வெளிவந்த டியூன் II என்னும் விளையாட்டு இந்தச் சிக்கலை மிக எளிதாகத் தீர்த்தது. பாலைவனக் கோள் ஒன்றில் கிடைக்கும் ஸ்பைஸ் என்னும் பொருளுக்காக மூன்று குடும்பங்கள் மோதுகின்றன. ஆடுபவர் அறுவடை வண்டியை அனுப்பிச் சேர்ப்பதும் அதே ஸ்பைஸ்தான். மணலுக்குள்ளிருந்து புழு எழுந்து அந்த வண்டியை விழுங்கும்போது, கதையும் கருவூலமும் ஒரே அடியில் அடிபடுகின்றன. விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

ஆகவே எழுதத் தொடங்கும் முன், உங்கள் விளையாட்டின் சேகரிப்புப் பொருளை எடுத்துவைத்துக்கொண்டு, இது தீர்ந்துபோனால் இந்தப் போர் நின்றுவிடுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்று பதில் வந்தால் அடித்தளம் கிடைத்துவிட்டது. இரு தரப்புக்கும் அது வெவ்வேறு காரணத்துக்காகத் தேவைப்படுமானால் இன்னும் நல்லது. ஒரே காரணத்துக்காக இருவர் அடித்துக்கொள்வது வெறும் போட்டியாகத்தான் தெரியும்.

இந்தக் கட்டுரைக்கென ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். மலையில் சுரங்கம் தோண்டி வாழும் கற்குடி, கடலோரத்தில் கப்பல் ஓட்டி வாழும் நெடுங்கரை, இரண்டுக்கும் நடுவே வெண்பாழ் என்னும் உப்புச் சமவெளி. கற்குடிக்குப் பனிக்காலத்துக்கு இறைச்சியைப் பதப்படுத்த உப்பு வேண்டும். நெடுங்கரையோ தன் கூலிப்படைக்கு உப்பைத்தான் சம்பளமாக அளக்கிறது. வெண்பாழ் ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே வெளியில் தெரியும். மழை வந்தால் முழுவதும் நீருக்குள் போய்விடும். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அது ஒன்றே கதைக்குக் காலக்கெடுவையும் விளையாட்டுக்குக் கடிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது.

இரண்டாம் படி: நிலத்தை வரைதல்

அடுத்ததாக, கதைமாந்தர்களை எழுதும் முன் நிலத்தை வரையுங்கள். ஒரே தாளில், பென்சிலால், முழுப் போரும் நடக்கப்போகும் நிலப்பரப்பை வரைந்து, அதில் எட்டு அல்லது பத்து இடங்களுக்கு மட்டும் பெயர் வையுங்கள்: ஒரு கணவாய், ஒரு பாலம், ஒரு துறைமுகம், ஒரு காவல் கோபுரம். ஒவ்வோர் இடத்துக்கும் அருகே, இதைப் பிடித்தவருக்கு என்ன கிடைக்கும், இழந்தவர் எதைச் செய்ய முடியாமல் போவார் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாத இடம் வெறும் அலங்காரம்; அதை அழித்துவிடலாம்.

உண்மையான போர்களைப் படிப்பது இங்கேதான் கைகொடுக்கும். 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் முற்றுகையின்போது துறைமுக வாயிலை இரும்புச் சங்கிலி அடைத்திருந்ததால், உதுமானியர் தங்கள் கப்பல்களைத் தரைவழியே இழுத்துச் சென்று சங்கிலிக்கு அப்பால் நீரில் இறக்கினார்கள். 1812 நவம்பரில் நெப்போலியனின் படை ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது, பெரெசினா ஆற்றின் உறைகுளிர் நீரில் இறங்கி அவருடைய பொறியாளர்கள் பாலம் அமைத்தார்கள். துரத்தி வந்த ரஷ்யர்களுக்குப் பயன்படாதிருக்கப் பிறகு அந்தப் பாலங்களைக் கொளுத்தியபோது, தங்கள் தரப்பு மக்களே ஆயிரக்கணக்கில் அக்கரையில் விடப்பட்டார்கள். முதல் நிகழ்ச்சி, அடைபட்டதாக நாம் நம்பும் வழி அடைபட்டதாகவே இருக்காது என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது ஒரு முழு மிஷனையே நம் கையில் கொடுக்கிறது: பாலத்தை எப்போது எரிப்பது? நடந்ததை அப்படியே பெயர் மாற்றி எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிலம் மனிதரை எந்த முடிவுக்குத் தள்ளியது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. ஒரே இடத்தை ஆடுபவர் இரண்டாம் முறை காணும்போது அது மாறியிருக்க வேண்டும். முதல் மிஷனில் வயலாக இருந்தது ஐந்தாம் மிஷனில் கல்லறை வரிசையாகத் தெரிந்தால், ஒரு பக்க வசனம் செய்ய முடியாததை அந்த மாற்றம் செய்துவிடும். மேலும், பழைய வரைபடத்தைத் திருத்திப் பயன்படுத்துவதால் சிறு குழுவுக்கு வேலையும் மிச்சமாகிறது.

மூன்றாம் படி: தரப்புகள்

ஒரு மக்களின் இயல்பை அவர்களுடைய படைப்பிரிவுகள் சொல்ல வேண்டும். கற்குடியினரின் காலாட்கள் மெதுவாக நடப்பார்கள், எளிதில் சாகமாட்டார்கள், நிலத்தடியில் சுரங்கம் தோண்டி மதிலுக்குள் எழுவார்கள். நெடுங்கரையின் கூலிப்படை விரைவாகக் கிடைக்கும், குறைந்த செலவில் கிடைக்கும், ஆனால் கிடங்கில் உப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஒவ்வொருவராக ஆயுதத்தைப் போட்டுவிட்டு வரைபடத்தின் ஓரத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். நெடுங்கரை பணத்தால் கட்டப்பட்ட நாடு என்று எங்கேயும் எழுத வேண்டியதில்லை. முக்கியமான தாக்குதலுக்கு நடுவே தம் ஈட்டிவீரர்கள் திரும்பி நடப்பதை ஆடுபவர் ஒருமுறை பார்த்தால் போதும்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்க வேண்டும். அதைச் சோதிக்க, அதே போரை எதிரியின் வாயால் ஐந்து வரிகளில் எழுதிப் பாருங்கள். அந்த ஐந்து வரிகளில் அவன் தன்னைக் கெட்டவன் என்று ஒப்புக்கொள்கிறான் என்றால் நீங்கள் இன்னும் அவனை எழுதவில்லை. 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட், மூன்று இனங்களின் கேம்பைன்களையும் (ஒரே கதையில் கோத்த மிஷன் தொடர்களையும்) ஒன்றன்பின் ஒன்றாக ஆடவைத்து ஒரே கதையைத் தொடர்ந்தது. மனிதர் தரப்பில் ஆடும்போது தன் தலைவனால் களத்தில் கைவிடப்பட்ட கெரிகன் என்னும் பெண், அடுத்த கேம்பைனில் எதிரி இனத்தின் உருவிலேயே எழுந்து வருகிறாள்; இப்போது அவளைக் காக்கும் பொறுப்பு ஆடுபவருடையது. தரப்பு மாறி ஆடுவதற்கு அதைவிட வலுவான காரணத்தை நான் அதிகம் கண்டதில்லை.

நான்காம் படி: போரைக் கட்டங்களாகப் பிரித்தல்

எதிரியின் தளத்தை அழி, பிறகு இன்னொரு தளத்தை அழி, பிறகு மிகப் பெரிய தளத்தை அழி என்று நீளும் கேம்பைன்கள் சலிப்பதற்குக் காரணம், போர் பல முகங்கள் கொண்டது என்பதை அவை மறப்பதுதான். இங்கே நம் பழைய புறத்திணைப் பகுப்பு வியக்கத்தக்க அளவு உதவுகிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, கவரப்பட்டதை மீட்பது கரந்தை, மண்ணை விரும்பிப் படையெடுப்பது வஞ்சி, வரும் படையைத் தடுப்பது காஞ்சி, மதிலை முற்றுகையிடுவது உழிஞை, உள்ளிருந்து மதிலைக் காப்பது நொச்சி, இரு படையும் நேருக்கு நேர் பொருவது தும்பை, வெற்றி வாகை. கவிதைக்காக ஏற்பட்ட பகுப்பு இது. ஆயினும் ஆநிரை என்ற இடத்தில் உங்கள் சேகரிப்புப் பொருளை வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரு கேம்பைனுக்குத் தேவையான மிஷன் வகைகள் ஏறத்தாழ எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு செயலுக்கும் எதிர்ச்செயல் இணையாகவே கிடைப்பதுதான். முதல் மிஷனில் ஆடுபவர் எதிரியின் உப்பு வண்டிகளைக் கவர்ந்தால், இரண்டாம் மிஷனில் எதிரி அவற்றை மீட்க வருவான். கதை தானாக முன்னே நகர்கிறது. ஏன் இப்போது தாக்குகிறார்கள் என்ற கேள்விக்கு விடை ஆடுபவரின் முந்தைய செயலிலேயே இருக்கிறது. தும்பையைக் கடைசிக்குச் சற்று முன்வரை எடுக்காதீர்கள். சிறு கொள்ளை, மீட்பு, முற்றுகை எல்லாவற்றையும் கடந்து வந்தால்தான் வெட்டவெளியில் இரு படை சந்திப்பதற்கு எடை இருக்கும். எட்டுக் கட்டங்களையும் வரிசை மாறாமல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புதியவர்களுக்கு ஐந்து அல்லது ஆறு மிஷன் போதும், அதையே முடிப்பது பெரிய வேலை.

ஐந்தாம் படி: ஒரே மிஷனை அருகிலிருந்து எழுதுதல்

நம் எடுத்துக்காட்டின் நான்காம் மிஷனை எடுத்துக்கொள்வோம். ஆடுபவர் கற்குடியின் தளபதி. மழை தொடங்கிவிட்டது. உப்பு ஏற்றிய 12 வண்டிகள் வெண்பாழைக் கடந்து, ஒரே ஒரு மரப்பாலம் வழியாக மலைக்குள் வர வேண்டும். பின்னால் நெடுங்கரையின் குதிரைப்படை. பாலத்தை வெட்டிவிட ஒரு பொத்தான் திரையில் தொடக்கம் முதலே தெரிகிறது. அதை எந்த நேரத்திலும் அழுத்தலாம்.

கதைக்குத் தேவையான எல்லாம் இதற்குள் இருக்கிறது. சேறு ஏற ஏற வண்டிகள் வேகம் இழக்கின்றன. முதல் ஏழு வண்டிகள் எளிதாக வந்துவிடும். அவை வரும்வரை ஆடுபவர் அமைதியாகக் காவல் கோபுரம் கட்டலாம். எட்டாவது வண்டி பாலத்தை நெருங்கும்போது குதிரைப்படை கண்ணில் படும். கடைசி இரண்டு வண்டிகளைக் காக்க வேண்டுமானால் காலாட்களைப் பாலத்துக்கு அப்பால் அனுப்ப வேண்டும்; அனுப்பினால், அவர்கள் திரும்பும் முன் பாலத்தை வெட்டுவது அவர்களை அக்கரையில் விட்டுவிடுவதாகும். எதைச் செய்தாலும் மிஷன் வெற்றிதான். ஆனால் ஐந்தாம் மிஷன் தொடங்கும்போது கிடங்கில் இருக்கும் உப்பு, இங்கே வந்து சேர்ந்த வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அக்கரையில் விடப்பட்ட காலாட்கள் ஆறாம் மிஷனில் எதிரியின் சிறைக்கூடத்தில் இருப்பார்கள், சென்று மீட்கலாம், மீட்காமலும் போகலாம்.

இப்படி ஒரு மிஷனின் விளைவை அடுத்ததற்குக் கடத்துவது கடினமான நிரல் வேலை அன்று. ஓர் எண்ணைச் சேமித்துவைத்தால் போதும். 1999-இல் வந்த ஹோம்வேர்ல்டில் எஞ்சிய கப்பல்கள் அப்படியே அடுத்த மிஷனுக்கு வரும். அதனால்தான் அங்கே ஒரு கப்பல் வெடித்தால் வயிற்றைப் பிசைகிறது.

எழுதும்போது மிஷனுக்கு ஒரு பக்கம் என்று வரையறை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் தொடக்கத்தில் யாரிடம் என்ன இருக்கிறது, ஆடுபவரின் நோக்கம் எது, நடுவில் எது மாறுகிறது, முடிவில் எது அடுத்ததற்குப் போகிறது என்ற நான்கும் இருந்தால், வரைபடம் செய்பவரும் நிரல் எழுதுபவரும் உங்களிடம் மறுபடி கேட்காமலே வேலையைத் தொடங்கலாம்.

ஆறாம் படி: பேச்சு

களத்தில் கேட்கும் பேச்சை இரண்டு மூச்சுக்குள் முடியுங்கள். என் பழைய கோப்பிலிருந்து ஒரு வரி: "தளபதி அவர்களே, நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வந்த இப்பாலத்தை நோக்கி வடதிசையிலிருந்து பெரும்படையொன்று விரைந்து வருவதாக ஒற்றர்கள் தெரிவித்துள்ளனர்." இது முடிவதற்குள் பெரும்படை பாலத்தையே கடந்துவிட்டிருக்கும். பிறகு அதை இப்படி மாற்றினேன்: "ஐயா, வடக்கே குதிரைப்படை தெரியுது. அக்கரையில இன்னும் அஞ்சு வண்டி நிக்குது." திசை, ஆபத்து, செய்ய வேண்டிய வேலை மூன்றும் வந்துவிட்டன, பேசுபவர் ஒரு மனிதர் என்பதும் தெரிகிறது. சற்று நேரம் கழித்து அதே பாலக்காவலர், "கடைசி வண்டில என் தம்பி இருக்கான் ஐயா," என்று மட்டும் சொன்னால், பாலத்தை வெட்டும் பொத்தான் முன்பிருந்த பொத்தானாக இருக்காது.

களப்பேச்சுக்குப் பேச்சுத்தமிழே பொருந்துகிறது என்பது என் துணிபு. அரசவை ஓலைக்கும் போர்ப் பிரகடனத்துக்கும் எழுத்துத்தமிழை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கற்பனை நாட்டு மாந்தரை ஏதேனும் ஒரு வட்டாரத்தின் வழக்கில் மட்டும் பேசவைத்தால், கேட்பவர் மனம் உடனே அந்த வட்டாரத்துக்குப் போய்விடும். பெயர்களிலும் கவனம் வேண்டும்: முதல் எழுத்தும் ஓசையும் ஒத்திருக்கும் இரண்டு தளபதிகளை ஒரே களத்தில் நிறுத்தாதீர்கள்.

ஏழாம் படி: ஆடுபவரின் வெற்றியைப் பறிக்காதிருத்தல்

எதிரியை முழுவதும் துடைத்தெடுத்துவிட்டு ஆடுபவர் மூச்சுவிடும் வேளையில், காட்சிப்படம் ஓடத் தொடங்கி, "நாம் தோற்றுவிட்டோம், பின்வாங்குங்கள்" என்று ஒருவர் அலறுவதை நீங்களும் பார்த்திருக்கலாம். அவர் உழைத்து ஈட்டியதைக் கதை அவர் கையிலிருந்து பிடுங்குகிறது. தோல்வி கதைக்குத் தேவைதான். தோல்வி இல்லாத போர்க்கதையை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது அவர் ஆடிக்கொண்டிருக்கும் களத்தில் நேரக்கூடாது. அவர் பாலத்தைக் காத்துக்கொண்டிருக்கும்போது தொலைவில் துறைமுகம் விழலாம். அல்லது மிஷனின் நோக்கத்தையே, வெல்வது என்று வைக்காமல், மக்கள் வெளியேறும்வரை தாக்குப்பிடிப்பது என்று வைக்கலாம். அப்போது நகரம் எரிந்தாலும் ஆடுபவர் தம் வேலையைச் செய்து முடித்தவராகவே வெளியேறுவார்.

அந்த மக்களைத் திரையிலும் காட்டுங்கள். கட்டளைக்கு உட்படாத, ஆயுதமில்லாத சிறு யூனிட்டுகளாக அவர்கள் சாலையோரம் நடந்து போகட்டும். ஆடுபவரின் தேர்ப்படை அதே சாலையில் வர நேரட்டும். போரைப் பற்றிய கதையை எழுதிவிட்டுப் போர் யாரை நசுக்குகிறது என்பதைக் காட்டாமல் விடுவது சரியில்லை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

எட்டாம் படி: டிரிகர்கள்

தனி விளையாட்டு எதையும் உருவாக்காமலே இதையெல்லாம் பயிலலாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் II, வார்கிராஃப்ட் III, ஸ்டார்கிராஃப்ட் II ஆகியவற்றோடு மிஷன் உருவாக்கும் எடிட்டர் சேர்ந்தே வருகிறது. நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூல விளையாட்டுகளில் ஓபன்ஆர்ஏ மிஷன்களுக்கு லுவா என்னும் நிரல்மொழியையும், 0 ஏ.டி. ஜாவாஸ்கிரிப்டையும் பயன்படுத்துகின்றன. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: இது நடந்தால் அதைச் செய் என்னும் டிரிகர்.

எழுத்தாளர் இதை நிரலாளரிடம் விட்டுவிடக்கூடாது. நான் ஒரு மிஷனில், முதல் காலாள் பாலத்தின் நடுவே வந்ததும் தூதுவர் தோன்றுவார் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தேன். சோதனைக்கு ஆடிய ஒருவர் முதல் வேலையாகப் பாலத்தின் வாயில் மதில் எழுப்பிவிட்டார். யாரும் பாலத்தில் கால் வைக்கவில்லை. எதிரிப் படை கரையில் குவிந்துகொண்டே இருந்தது. 40 நிமிடம் கதை அசையாமல் நின்றது. தவறு அவருடையதன்று. பாலத்தைக் காக்கச் சொன்னேன், காத்தார். அதன்பின் ஒவ்வொரு முக்கிய நிகழ்வுக்கும் மூன்று வாயில்களை எழுதுகிறேன்: ஒருவர் குறித்த இடத்தை அடைவது, குறித்த நேரம் கடப்பது, குறித்த கட்டடமோ படையோ அழிவது. இவற்றில் எது முதலில் நேர்ந்தாலும் கதை நகரும். கூடவே, பேச வேண்டிய கதைமாந்தர் அதற்கு முன்பே இறந்துவிட்டால் அந்த வரியை யார் சொல்வார் என்பதையும் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: ஆடிப் பார்க்கச் செய்தல்

குரல் பதிவுக்கும் ஓவியத்துக்கும் செலவு செய்வதற்கு முன், வெறும் எழுத்து வசனத்தோடு முழுக் கேம்பைனையும் சிலரிடம் கொடுத்து, பின்னால் அமர்ந்து வாய் திறக்காமல் பாருங்கள். எந்த வசனத்தின்போது விரல் தாண்டும் விசைக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இருவர் ஒரே இடத்தில் தாண்டினால் அந்த வரியை வெட்டிவிட்டு, அதில் இருந்த செய்தியை வரைபடத்தில் ஒரு பொருளாக வைக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்த பிறகு, போர் எதற்காக நடந்தது, எந்த இடம் நினைவில் நிற்கிறது, யாரைக் காப்பாற்ற முடியாமல் போனது என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். மூன்றாம் கேள்விக்கு அவர் உடனே விடை சொல்லாமல், பழைய சேமிப்பைத் திறந்து நான்காம் மிஷனை மறுபடி தொடங்கினால், அந்த மிஷனில் இனி ஒரு வரியும் மாற்றாதீர்கள்.